கிழிந்த குழலின் ஓரம்

என் பெரியக்கா புருஷனின் சிதைந்த கையைக் காட்டி என் சின்னக்கா புருஷன் வியாபாரம் பண்ணினார். யாரோ சொல்லிக் கேட்டதில்லை இது. என் காதாலேயே கேட்டேன்.

சின்ன அத்தான் துப்பாக்கியும் தோட்டாவும் விற்பவர். அவர் கடைக்கு நேர் எதிரே என் வெல்டிங் பட்டறை. நடுவில் ஒரு தெருதான். ஒரு நாள் கடைக் கதவுக்குக் கொக்கி வைக்கப் போயிருந்தேன். உள்ளே ஒரு ஆள் தன் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து, இதைச் சுடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். சின்ன அத்தான் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக என் பட்டறைப் பக்கம் விரலை நீட்டினார்.

"அதோ, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காரே, அவரு கையைப் பாருங்க. அவரும் சுடலாம்னுதான் சொன்னாரு."

அந்த ஆள் எட்டிப் பார்த்தான். பழைய துப்பாக்கியை அங்கேயே கழித்துப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டு போனான். நான் கொக்கியை வைத்துவிட்டு வந்தேன். அந்த வார்த்தை நெஞ்சில் ஆணியாக இறங்கிப் பல வருடம் ஆகிறது. ஆணி துருப்பிடித்திருக்கிறதே தவிரக் கழன்று விழவில்லை.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே விட்டது, நானும் அதை விட்டேன். பற்றவைக்க மட்டும் தெரியும்.

பெரிய அத்தானை ஊரில் முறுக்குக்காரர் என்பார்கள். பலகாரம் விற்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் துப்பாக்கி ரிப்பேர்க்காரர். முறுக்குக் குழல் வைத்த பழைய துப்பாக்கி எது வந்தாலும் அவரிடம்தான் வரும். ஆளும் அப்படித்தான். ஒரு சொல் கூடச் சொன்னால் முறுக்கிக்கொண்டு போய்விடுவார். ஆகவே பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது.

முறுக்குக் குழல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துக் குழலை ஒரே எஃகுத் தண்டைக் குடைந்து செய்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்துக் கயிறு மாதிரி முறுக்கி, அதை ஒரு கம்பியின்மேல் சுற்றிச் சுற்றி, உலையில் பழுக்கவைத்து அடித்து ஒட்டவைத்தார்கள். டமாஸ்கஸ் குழல் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தேய்த்துத் துடைத்தால் குழல் முழுக்கத் தண்ணீரில் சுழி விழுந்த மாதிரி கோலம் தெரியும். பார்க்க அழகு. ஆனால் ஒட்டவைத்த இடம் எத்தனை இருக்கிறதோ அத்தனை இடத்தில் உள்ளுக்குள் துரு உட்காரலாம். உட்காராமலும் இருக்கலாம். அங்கேதான் சண்டை.

இரண்டு சகலைகளுக்கும் அந்தச் சண்டை தொடக்கத்திலிருந்தே உண்டு. அப்போது அது விளையாட்டுச் சண்டை. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

"அண்ணே, அதெல்லாம் சுவத்துல மாட்டி வெச்சு அழகு பாக்குற சாமான். சுடுற சாமான் இல்ல" என்பார் சின்ன அத்தான்.

"எல்லாத்தையும் ஒரே கயித்துல கட்டாதே சகலை. ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு ஆளு. சிலது கிழவன், சிலது வயசானாலும் குத்துக்கல்லு. அளந்து பாக்கணும், தட்டிப் பாக்கணும், எந்த வெடிமருந்து தாங்கும்னு பாத்துப் போடணும்."

"டம்ளர்ல விஷம் இருக்கா இல்லியான்னு குடிச்சுப் பாக்கச் சொல்றீங்க."

"உன் கடையில புதுசு விக்கணும். அதுக்கு ஊர்ல இருக்கிற பழசு எல்லாம் விஷம் ஆகணும்."

இருவரும் சிரிப்பார்கள். அக்காக்கள் இருவரும், இதுகளுக்கு வேறு பேச்சே கிடையாதா என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். சின்ன அத்தான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்றைக்கு எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஆனாலும் இருந்தது.

பெரிய அத்தான் வேலை செய்யும் விதமே தனி. குழலைக் கழற்றி ஒரு நூலில் தொங்கவிடுவார். மரச் சுத்தியலின் காம்பால் மெல்லத் தட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். நல்ல குழல் என்றால் மணி அடித்த மாதிரி இழுத்துக்கொண்டே போகும். எங்கோ விட்டிருந்தால் 'டொக்' என்று செத்துவிடும். பிறகு உள்ளே கருவி விட்டுச் சுவரின் கனம் அளப்பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் ரிப்பேர். ரிப்பேர் முடிந்ததும் முதல் வெடி அவர் கையால்தான் போடுவார். வாடிக்கையாளர் கேட்டாலும் கொடுக்க மாட்டார். "உங்க பொண்டாட்டி வந்து என் வாசல்ல அழக்கூடாது பாருங்க" என்பார். தன் பெண்டாட்டி அழுவாளே என்பது அவர் கணக்கில் வரவில்லை.

பல் டாக்டர் ஒருவருக்கு அவருடைய அப்பா வழியில் இரட்டை முறுக்குக் குழல் துப்பாக்கி ஒன்று வந்தது. விசை மாட்டிக்கொண்டு விழவில்லை. பெரிய அத்தான் அதைச் சரி பண்ணினார். தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். மணிதான். ஊருக்கு வெளியே கல் உடைத்துவிட்டுக் கைவிட்ட குழி ஒன்று இருந்தது. வெடி போட அங்கேதான் போவோம். அன்றைக்குக் காலையில் சின்ன அத்தான் தன் கையால் தோட்டாப் பெட்டி கொடுத்தார்.

"புது மருந்து வந்திருக்கு அண்ணே. புகையே வராது. நானே பின்னாடி ரூம்ல உட்கார்ந்து ரொப்பினது. நானும் வரேன், எப்படிப் போகுதுன்னு பாக்கணும்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

முதலில் இடது குழல். வெடி போயிற்று. பெரிய அத்தான் ஓர் அடி பின்னால் வந்துவிட்டார். தோளைத் தேய்த்துக்கொண்டு, "என்னய்யா இது, கழுதை மாதிரி உதைக்குது" என்றார்.

"புது மருந்து அண்ணே. முறுக்கா இருக்கும்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முறுக்கு என்று சொன்னால் அவர் எப்படி நிறுத்துவார். வலது குழலுக்கு விசையை இழுத்தார்.

சத்தம் வேறு மாதிரி வந்தது. கோணி கிழிகிற மாதிரி ஒன்று, அதன் பின்னால் வெடி. புகை இல்லாத மருந்து என்பதால் எல்லாமே நன்றாகத் தெரிந்தது. அவர் இடது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டும் இல்லை. ஒரு கண்ணில் ரத்தம். கீழே விழவில்லை, நின்றுகொண்டே இருந்தார். "துண்டு எங்கே, குழல்ல பிச்சிக்கிட்டுப் போன துண்டு எங்கே, அதைப் பாரு" என்றார். நான் அவரைத் தூக்கி வண்டியில் போட்டேன். துண்டைச் சின்ன அத்தான் எடுத்துக்கொண்டார். அவர் குனிந்து எடுத்ததை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னக்கா அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். "மருந்து மாறிச்சு, கரண்டி மாறல." பழைய கரிமருந்து அளந்து போடுகிற பித்தளைக் கரண்டியாலேயே புது மருந்தையும் அளந்து ரொப்பியிருக்கிறார் அவள் புருஷன். புது மருந்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அடுத்த தடவை அவர் கடையில் வாங்கின தோட்டா யாரையும் உதைக்கவில்லை. பழைய கரண்டியும் கடையில் இல்லை.

விசாரிக்க வந்தவர்களுக்குத் துப்பாக்கி தெரியாது. ஊரில் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். பெரிய அத்தான் மயக்கத்தில் கிடந்தார். ஆகவே சின்ன அத்தானைக் கேட்டார்கள். அவர் சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள். பழைய முறுக்குக் குழல், ரிப்பேர்க்காரர் கவனிக்கவில்லை. பெரிய அத்தானின் லைசென்ஸ் போயிற்று. அடிபட்ட கண் உடனே போயிற்று, நல்ல கண்ணும் துணைக்குப் போகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போயிற்று. மீதித் துப்பாக்கியை விசாரிக்க வந்தவர்கள் எடுத்துப்போனார்கள், எந்த அலமாரியில் போயிற்றோ தெரியாது.

துண்டு மட்டும் எங்கும் போகவில்லை. உள்ளங்கை அகலத்தில் வளைந்த ஓடு மாதிரி இருக்கும் அது. சின்ன அத்தான் அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். கீழே ஒரு அட்டை: 'முறுக்குக் குழலால் வந்த வினை.' அதைப் பார்த்துப் பயந்து ஊரில் இருந்த பழைய துப்பாக்கி எல்லாம் அவர் கடைக்கு அடிமாட்டு விலைக்கு வந்தது. நல்லதாகப் பார்த்து எடுத்துச் சுத்தம் பண்ணி வெளியூர் ஆட்களுக்கு அழகுச் சாமானாக விற்றார்.

அந்தத் துண்டுதான் பெரிய அத்தானுக்கு உயிர். ஏன் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. லாரிச் சட்டம் உடைந்து என் பட்டறைக்கு வந்தால் நான் முதலில் உடைந்த வாயைத்தான் பார்ப்பேன். பழைய விரிசல் இருந்த இடம் உள்ளே கறுத்துக் கிடக்கும். பாரம் தாங்காமல் அன்றைக்குக் கிழிந்த இடம் வெள்ளையாக மின்னும். இரும்பு வேலை செய்கிற எவனுக்கும் தெரிந்த சங்கதி. குழலில் முதலிலேயே பழுது இருந்தது என்றால் அத்தான் பேரில் தப்பு. பழுதில்லாத குழலை மருந்து கிழித்தது என்றால் சகலை பேரில் தப்பு. ஓரம் கறுப்பா வெள்ளையா. அவ்வளவுதான் கேள்வி. அதன்மேல் சிவப்புப் பெயின்ட்.

"கறுப்பா இருந்தா அவன் எதுக்கு மாப்ளே பெயின்ட் அடிக்கிறான்? தொறந்து வெச்சு ஊருக்கே காட்டியிருக்க மாட்டான்?" என்று கேட்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அவர் ஊரில் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பழி வாங்குவதற்கு அவர் வழியே வேறு. குடும்பத்தில் விசேஷம் என்றால் சகலை சாப்பிட எங்கே உட்காருகிறார் என்று என்னிடம் கேட்பார். அவருக்கு நேர் எதிரே கொண்டுபோய் உட்காரவைக்கச் சொல்வார். உட்கார்ந்ததும் இடது கையை மேசைமேல் எடுத்து வைப்பார். சாப்பிட்டு எழுகிறவரை எடுக்க மாட்டார். "அவன் ஒவ்வொரு வாய் அள்றப்பவும் இது கண்ணுல படணும்" என்பார். சின்ன அத்தான் பாதியில் எழுந்து கை கழுவப் போவார். காலடிச் சத்தத்தை வைத்தே இவர் கண்டுபிடித்துவிடுவார். "போறானா? நல்லா சாப்பிட்டானா?"

சின்ன அத்தானுக்குப் பல் வலி என்று ஒரு தடவை கேள்விப்பட்டார். அந்தப் பல் டாக்டரிடமே ஆள் அனுப்பினார். "மரத்துப்போற ஊசி அவனுக்குப் போடாதீங்க, செலவு என்னுதுன்னு சொல்லிட்டு வா." பல் டாக்டர் சிரித்துவிட்டு ஊசி போட்டுத்தான் பிடுங்கினார். இவர் ரொம்ப நாள் அந்த டாக்டரோடு பேசவில்லை.

தினம் காலையில் பெரியக்கா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பட்டறை வாசலில் ஸ்டூலில் உட்காரவைப்பாள். கடையைப் பார்த்து உட்காருவார். கண் தெரியாதவர் எதைப் பார்க்கிறார் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "அவன் பாக்கட்டும்னு உட்கார்ந்திருக்கேன்" என்பார்.

கொக்கி வைக்கப் போன அன்று கடையில் கேட்டதை அவரிடம் வந்து சொன்னேன். சொன்னால் அங்கே உட்காருவதை நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் மோவாயைச் சொறிந்துகொண்டார்.

"என்னைக் காட்டித்தான் விக்கிறானா?"

"ஆமா."

"ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னாடி போடு."

"அத்தான், உங்களுக்குப் புரியுதா இல்லியா?"

"நல்லாவே புரியுது. விக்கட்டும். எத்தனை பேருக்கு இந்தக் கையைக் காட்டுறானோ அத்தனை பேருக்கும் ஒரு நாள் வேற கதை சொல்லப்போறேன். ஆளுங்களை அவனே சேர்த்துக் குடுக்கிறான். அந்தத் துண்டு மட்டும் என் கைக்கு வரட்டும்."

வருடங்கள் போயின. அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். ஸ்டூல் காலியாகக் கிடந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப நாள் இல்லை என்றார். வீட்டில் கட்டிலில் தலையணை மூன்று வைத்துச் சாய்ந்தபடி என்னைக் கேட்டார்.

"கண்ணாடிப் பெட்டி இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்கு."

"நான் போன பின்னாடியும் இருக்கும்."

அன்றைக்குப் பட்டறையைப் பூட்டும்போது எதிர்க்கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீக்கிரமே சின்ன அத்தான் கடை ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. தெருவில் வேறு வெல்டர் கிடையாது, என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவர் சரக்கு எடுக்கப் போயிருந்தார். சின்னக்கா மட்டும் கல்லாவில். ஷட்டரை இறக்கி ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நேராகப் பெட்டிக்குப் போனேன். பின்பக்கம் சின்னத் திருகாணி இரண்டு. கழற்றினேன். திருட்டு என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

"என்னடா பண்ற?"

"பாத்தா தெரியலியா."

சின்னக்கா தெருவை ஒரு தடவை பார்த்தாள். கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு துணிப்பையை எடுத்தாள்.

"கையில தூக்கிக்கிட்டா தெருவுல போவ? இதுல போடு."

"அத்தான் கேட்டா?"

"கேட்டா கேக்கட்டும். இந்தக் கடையில எது எதுவோ காணாமப் போயிருக்கு. ஒரு கரண்டி காணாமப் போச்சு, நான் கேட்டேனா?"

பையைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பெரியவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். இருக்கார் என்றேன்.

தின்னர், கிண்ணம், பழைய பல் துலக்கும் பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். கட்டில் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன். பெரியக்கா கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே கத்தினாள்.

"மூச்சு விட முடியாம கிடக்கிற மனுஷனுக்குத் தின்னர் வாசனை வேறயா? வாசல்ல கொண்டுபோய்ப் பண்ணுடா."

"இங்கயே பண்ணட்டும்" என்றார் அவர். "நீ வேணா வாசல்ல போய் நில்லு."

பெயின்ட் சுருங்கிச் சுருங்கி உரிந்தது. முதலில் மேல்பக்கம். சுழிக்கோலம் தெரிந்தது, தண்ணீர் மாதிரி. துண்டை வாங்கி நல்ல கை விரலால் தடவினார். பழைய சினேகிதன் முதுகைத் தடவுகிற மாதிரி தடவினார். திருப்பிக் கொடுத்தார். ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். அத்தனை வருடம் காற்றும் ஈரமும் படாமல் அந்தப் பெயின்ட்டே ஓரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. பூட்டி வைத்தவனே காவலும் இருந்திருக்கிறான்.

"சொல்லு."

"இருங்க, துடைக்கிறேன்."

"வெள்ளையா?"

"வெள்ளைதான் அத்தான். நீளத்துக்கும் வெள்ளை."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் ஆயிற்று. கண்ணில் நீரோடு, "நான் சொல்லல? அன்னைக்கே சொல்லல?" என்று பெரியக்கா இருந்த பக்கம் கையை ஆட்டினார். "அவனை ஸ்டூல்ல உட்கார வெக்கிறேன் பாரு. அந்த ஸ்டூலைக் கழுவி வை."

நான் துண்டைத் திருப்பினேன். தோட்டா உட்காருகிற இடத்துக்குப் பக்கமாகக் கீழ் மூலை. அங்கே பெயின்ட் உரிந்ததும் கை நின்றுவிட்டது.

"என்ன நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல. இந்த மூலையில கொஞ்சம்…"

"கொஞ்சம் என்ன?"

"கறுப்பு."

மறுபடியும் தேய்த்தேன். போகவில்லை. அது பெயின்ட் இல்லை.

"எவ்வளவு?"

"சுண்டுவிரல் நகம் இருக்கும்."

"முறுக்கு போற வாக்குல போகுதா, குறுக்கே போகுதா?"

"முறுக்கு வாக்குலதான். பட்டை ஒட்டின இடம்."

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மணி மாதிரிதானே சத்தம் வந்துச்சு" என்றார். "நீயும் கேட்டியே."

"கேட்டேன்."

"நகத்தளவு. அவ்வளவு சின்னது சத்தத்துல வராது போல. சாதுவான தோட்டா போட்டிருந்தா அது இன்னும் எத்தனையோ வருஷம் தாங்கியிருக்கும். அவன் கரண்டிதான் கிழிச்சுது." பிறகு, "அப்ப பாதி அவன்" என்றார்.

வாசலிலிருந்து பெரியக்கா, "பாதி நீங்க" என்றாள்.

"உன்னை யாருடி கேட்டா?"

"கண்ணையும் கையையும் பறிகொடுத்தவருக்கு நாந்தானே சோறு ஊட்டினேன். நான்தான் சொல்லணும். ஊரு முழுசையும் உங்க பேர்ல எழுதிச்சு, இப்ப பாதின்னா கணக்கு உங்களுக்கு நல்லதாத்தான் இருக்கு. வாங்கிக்கோங்க."



மறுநாள் காலையில் சின்ன அத்தான் வந்தார். அந்த வீட்டு வாசற்படியை அவர் மிதித்து எத்தனை வருடம் ஆகிறது என்று எனக்குத் தெரியாது. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்தவன் சுத்தமாத்தான் எடுத்திருக்கான். கண்ணாடியில ஒரு கீறல் இல்ல" என்றார், என்னைப் பார்க்காமல்.

"தொழில் கத்துக்கிட்டவன்" என்றேன்.

"திருப்பிக் கேக்க வரல. அண்ணே, பாத்துட்டீங்களா?"

பெரிய அத்தான் தலையணையில் நிமிர்ந்தார். "கண்ணு இருந்தாத்தானே பாக்க. பாத்துச் சொன்னாங்க."

"கறுப்பு, வெள்ளை ரெண்டும் இருக்கும்."

"ரெண்டும் இருக்கு."

"அந்தக் கறுப்பைத் தட்டியும் அளந்தும் உங்களாலயே கண்டுபிடிக்க முடியலியே அண்ணே. அப்புறம் எவனால முடியும்? அதனாலதான் எல்லாரையும் வேணாம்னேன். அதுல எனக்கு லாபம் வந்துச்சு. வரலேன்னு சொல்லல."

"கரண்டி?"

சின்ன அத்தான் பெரியக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கரண்டி என் தப்பு" என்றார். "இங்க சொல்றேன். தெருவுல சொல்ல மாட்டேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு, கடை இருக்கு."

"அன்னைக்கே ரெண்டையும் பாத்தியா?"

"குழியிலயே பாத்தேன். அதான் அன்னைக்கு சாயங்காலமே பெயின்ட் அடிச்சேன்."

"ரெண்டையும் பாத்துட்டு ஒண்ணை மட்டும் சொன்ன."

"உங்க கைக்கு அது கிடைச்சிருந்தா, நீங்க எதைச் சொல்லியிருப்பீங்க?"

இதற்குப் பெரிய அத்தான் ஏதாவது சூடாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். எனக்கே வாயில் நாலு வார்த்தை தயாராக இருந்தது. அவர் துண்டைத் தடவி எடுத்துத் தலையணைக்குக் கீழே தள்ளினார். பிறகு பெரியக்காவிடம், "அவனைப் போகச் சொல்லு, எனக்கு மூச்சு வாங்குது" என்றார். சின்ன அத்தான் போனார். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார், நாலு அடி போய்த்தான் தெரிந்து குனிந்து மாற்றினார்.

ஒப்புக்கொண்டாரே, போதாதா என்று சின்னக்கா பிறகு என்னைக் கேட்டாள். எனக்குப் போதாது. வீட்டுக்குள் சொன்னது வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. தெருவில் சொன்னது இன்னும் தெருவில் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தும் அவர் அந்த அட்டையை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் பெரிய அத்தான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தால் விரல் அந்தக் கீழ் மூலையைத் தடவிக்கொண்டிருக்கும். மன்னித்துவிட்டார் போல என்று பெரியக்கா சொன்னாள். நானும் அப்படித்தான் பயந்தேன்.

ஒரு மத்தியானம் மூச்சு ரொம்ப மோசமாக இருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் பெரியக்காவை வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அவள் காலடி சமையலறைக்குள் போகிறவரை காத்திருந்தார். பிறகு துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"பட்டறையில வைஸ் இடுக்கி இருக்குல்ல."

"இருக்கு."

"கறுப்புக்கு இந்தப் பக்கமா அரத்தால உள்பக்கம் ஒரு கோடு போடு. லேசா, வெளியே தெரியாம. வைஸ்ல பிடிச்சு ஒரே அடி. மூலை உடைஞ்சு வந்துடும். புதுசா உடைஞ்ச வாய் வெள்ளையாத்தான் இருக்கும். கோடு தெரியுற இடத்தை மட்டும் சுத்தியால தட்டி மறைச்சுடு. உனக்கு வரும்."

எனக்குப் புரிந்துவிட்டது. "அத்தான்" என்றேன்.

"முழுசும் வெள்ளையா ஆனதும் கொண்டுபோய் அவன் பெட்டியிலயே வெச்சுத் திருகாணியைப் போட்டுடு. பெயின்ட் இல்லாம. உன் சின்னக்கா பாத்துக்குவா. அவன் எடுக்கட்டும், எடுத்தா ஏன் எடுத்தேன்னு வர்றவன் கேப்பான். எடுக்காட்டி, இரும்பு தெரிஞ்சவன் எவனாவது ஒருத்தன் குனிஞ்சு பாப்பான். பாத்துட்டு, ஏங்க, இது மருந்துல கிழிஞ்சதாச்சேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேப்பான்."

"அது பொய்யில்லியா?"

"அவன் கறுப்பை மட்டும் சொன்னான். அத்தனை வருஷம் சொன்னான். நான் வெள்ளையை மட்டும் சொல்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். "எதைச் சொல்லியிருப்பேன்னு கேட்டான்ல, அவனுக்குப் பதில் சொல்ல வேணாமா?"

"உடைஞ்சு வர்ற மூலையை என்ன பண்றது?"

"அதைத் தொலைச்சுடாதே. அது என்னுது. நான் போறப்ப என் சட்டைப் பையில போட்டு அனுப்பு."